கண்ணில் மிதக்கும் புள்ளிகள்: எவற்றைப் பொறுத்திருக்கலாம், எவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்

வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ பார்க்கும்போது கண்ணெதிரே நூல் துண்டு, சிலந்தி இழை, கொசு, சிறு வளையம் என ஏதோ ஒன்று மிதக்கிறது. நேராகப் பார்க்க முயன்றால் நழுவுகிறது. பார்வையை ஓரிடத்தில் நிறுத்தினால் அதுவும் மெல்ல ஆடி அடங்குகிறது. பலருக்கும் வரும் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் கண்ணின் பின்புறத்தில் ஒளியை உணரும் படலமான விழித்திரை கிழியும்போது முதலில் தெரியக்கூடிய அறிகுறியும் இதுதான். புள்ளி எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட, அது எப்போது வந்தது, எவ்வளவு வேகமாக மாறுகிறது, கூடவே வேறென்ன தெரிகிறது என்று கவனிப்பதுதான் பயன் தரும்.

கண்ணுக்குள் நடப்பது

கண்ணின் லென்ஸுக்கும் விழித்திரைக்கும் நடுவே சுமார் 4 மில்லிலிட்டர் அளவுக்கு விட்ரியஸ் என்னும் தெளிந்த கூழ் நிறைந்திருக்கிறது. அதில் ஏறத்தாழ 99 விழுக்காடு தண்ணீர். நுண்ணிய கொலாஜன் இழைகளும் ஹயலுரானிக் அமிலமும்தான் அந்தத் தண்ணீரைக் கூழாகப் பிடித்து வைக்கின்றன. வயது ஏற ஏறக் கூழ் அங்கங்கே நீர்த்துப்போகிறது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. வெளிச்சம் உள்ளே நுழையும்போது அந்தத் திரளின் நிழல் விழித்திரையில் விழுகிறது. நாம் புள்ளி என்று காண்பது அந்த நிழலைத்தான். விழித்திரைக்கு அருகில் உள்ள திரள் கூர்மையாகவும், தள்ளி இருப்பது மங்கலாகவும் தெரியும். நல்ல வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதால் நிழல் இன்னும் துலக்கமாகிறது. வெயிலிலும் கணினித் திரையின் வெண்பரப்பிலும் தொல்லை கூடுவதும், மங்கிய அறையில் மறைந்துவிடுவதும் இதனால்தான்.

50 வயதைக் கடந்த பலருக்கு இந்தக் கூழ் சுருங்கி, விழித்திரையின் பின்பகுதியிலிருந்து பிரிந்து முன்னே நகர்கிறது. இது நோயல்ல, முதுமையில் இயல்பாக வரும் மாற்றம். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் சற்று முன்னதாகவே வரும். பார்வை நரம்பைச் சுற்றி ஒட்டியிருந்த பகுதி உரிந்து வரும்போது பெரிய வளையம் ஒன்று திடீரென மிதக்கத் தொடங்கலாம்.

பிரியும் கூழ் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. இழுபடுவதை அது ஒளியாகத்தான் மூளைக்குச் சொல்லும். பார்வையின் ஓரத்தில், பெரும்பாலும் இருட்டில், கண்ணை அசைக்கும் கணத்தில் வில்லாக ஒரு மின்னல் வெட்டுவது அந்த இழுப்பின் அடையாளம். கூழ் பலமாக ஒட்டியிருக்கும் இடத்தில், இழுத்த இழுப்பில் விழித்திரை கிழிந்துவிடக்கூடும். புதிதாகப் புள்ளியோ மின்னலோ தோன்றி, கூழ் பிரிந்திருப்பது தெரியவருவோரில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கிறது. மற்ற ஆறு பேருக்கும் தெரிவது அதே புள்ளியும் அதே மின்னலும்தான். அந்த ஏழு பேரில் நீங்கள் யார் என்பதைக் கண்மணியை விரித்து உள்ளே பார்த்தால் மட்டுமே சொல்ல முடியும்.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை

இரண்டு கண்களையும் திறந்து வைத்துப் பார்த்தால், ஒரு கண்ணின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

1. வழக்கமாக அணியும் கண்ணாடியை அணிந்துகொண்டு, நல்ல வெளிச்சத்தில் வெறும் வெள்ளைச் சுவரின் முன் நில்லுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். கண்ணை அழுத்தக் கூடாது.
2. திறந்திருக்கும் கண்ணை இடமும் வலமும் அசைத்துவிட்டு நிறுத்துங்கள். கண் நின்ற பிறகும் நகர்ந்து அடங்கினால் அது மிதக்கும் புள்ளி. பார்வையின் அதே இடத்தில் ஆடாமல் அசையாமல் நின்றால் அது வேறு. விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ உள்ள கோளாறாக இருக்கலாம், விரைவில் காட்ட வேண்டும். இமைத்தவுடன் கலைந்துவிட்டால் அது விழியின் மேற்பரப்பில் படிந்த கண்ணீர்ப் பிசுக்கு.
3. எதிரே ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தி, கையை நீட்டி, விரலை ஆட்டியபடி மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கங்களிலிருந்தும் உள்ளே கொண்டுவாருங்கள். எந்தப் பக்கத்திலாவது விரல் வழக்கத்தைவிடத் தாமதமாகத் தெரிந்தால், அந்தப் பக்கப் பார்வை குறைந்திருக்கிறது.
4. கதவின் விளிம்பு போன்ற நேர்க்கோடு ஒன்றைப் பாருங்கள். வளைந்தோ நெளிந்தோ தெரியக் கூடாது.
5. மற்றக் கண்ணுக்கும் இதையே செய்து, கண்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். புள்ளியின் உருவத்தைப் படமாக வரைந்து வைத்தால் இன்னும் நல்லது. ஒரு மாதம் கழித்து மாறியிருக்கிறதா என்ற கேள்விக்கு நினைவை நம்ப முடியாது.

பல மாதங்களாக, ஆண்டுகளாக அதே உருவத்தில் இருக்கும் ஒன்றிரண்டு புள்ளிகள், மின்னல் இல்லை, பார்வை தெளிவு என்றால் அவசரம் இல்லை. அடுத்த வழக்கமான பரிசோதனையின்போது சொன்னால் போதும்.

அன்றே காட்ட வேண்டியவை

- இதுவரை இல்லாத புள்ளிகள் திடீரென்று தோன்றுவது, அல்லது பழைய புள்ளிகள் சட்டெனப் பெருகுவது. குறிப்பாக, கரித்தூளையோ மிளகுப் பொடியையோ தூவியதுபோல எண்ண முடியாத நுண்புள்ளிகள். கிழியும்போது அறுந்த ரத்தக் குழாயிலிருந்து கசியும் ரத்த அணுக்களும், கிழிசல் வழியே வெளியேறும் நிறமி அணுக்களும் இப்படித்தான் தெரியும்.
- ஒரு கண்ணில் மட்டும் புதிதாக மின்னல் வெட்டுவது.
- பார்வையின் ஒரு பக்கத்தில் திரை விழுந்ததுபோல நிழல். அது மெல்லப் பரவுவது.
- பார்வை திடீரென மங்குவது, புகை மூட்டமாவது, சிவந்த இழைகள் ஓடுவது.
- கண்ணில் அடிபட்ட பிறகு புள்ளி தோன்றுவது. அடிபட்ட உடனே இல்லாமல், வாரக்கணக்கில் கழித்து வந்தாலும் இது பொருந்தும்.
- புள்ளியோடு கண் சிவப்பு, வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவது. இது கண்ணின் உள்ளழற்சியாகவோ தொற்றாகவோ இருக்கலாம்.

திரை விழுவதுபோன்ற நிழல் இருந்தால் மணிக்கணக்கில்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சுவரில் ஒட்டிய தாளின் கிழிந்த இடத்தில் நீர் புகுந்தால் தாள் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வருமல்லவா, அதுபோலக் கிழிசல் வழியே நீர் புகுந்து விழித்திரையைப் பின்சுவரிலிருந்து உரிக்கிறது. விழித்திரையின் ஒளியுணர் அணுக்களுக்கு ஆக்சிஜன் வருவது அந்தப் பின்சுவரிலிருந்துதான். விலகிய பகுதி பட்டினி கிடக்கிறது. வாசிக்கவும் முகம் பார்க்கவும் உதவும் நடுப்பகுதியான மாக்குலா விலகுவதற்கு முன் சரிசெய்துவிட்டால் நல்ல பார்வை நிலைக்க வாய்ப்பு அதிகம். அதுவும் விலகிவிட்டால், அறுவை வெற்றியானாலும் பழைய தெளிவு முழுதாகத் திரும்புவது அரிது.

நிழல் எந்தப் பக்கம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், கீழிருந்து எழும் நிழல் விழித்திரையின் மேற்பகுதி விலகுவதைக் குறிக்கும். மேலே சேர்ந்த நீர் புவியீர்ப்பால் மாக்குலாவை நோக்கி வேகமாக இறங்கும் என்பதால் இது கூடுதல் அவசரம்.

பலர் ஏமாறும் இடங்கள் இரண்டு. வலி இல்லையே என்று காத்திருப்பது முதலாவது. கிழிசலுக்கும் விலகலுக்கும் வலியே வராது. மின்னல் நின்றுவிட்டது, புள்ளி குறைந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று விட்டுவிடுவது அடுத்தது. இழுத்துக்கொண்டிருந்த கூழ் விடுபட்டாலும் மின்னல் நிற்கும். கிழிசல் அங்கேயேதான் இருக்கும்.

கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள், ஒரு கண்ணில் ஏற்கெனவே விழித்திரை விலகியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது அது வந்தவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், விழித்திரையின் ஓரம் மெலிந்திருக்கிறது என்று முன்பே சொல்லப்பட்டவர்கள் சிறு மாற்றத்துக்கும் போய்ப் பார்த்துவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் புதுப் புள்ளி வந்தால் விழித்திரையில் முளைத்த மெல்லிய ரத்தக் குழாய் கசிந்திருக்கக்கூடும்; அதுவும் உடனே பார்க்க வேண்டியதே.

புள்ளி என்று தவறாக நினைப்பவை

ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் ஒளிக்கோலம் பல்வரிசையாக மினுங்கி, 20 முதல் 30 நிமிடங்களில் விரிந்து மறையும். எந்தக் கண்ணை மூடினாலும் தெரியும். தலைவலி இல்லாமலும் வரலாம். முதல் தடவை வந்தால் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். சட்டென எழுந்து நிற்கும்போது இரு கண்ணிலும் பூச்சி பறந்து நொடிகளில் தெளிவது ரத்த அழுத்தம் தாழ்வதால். நீல வானத்தில் விர்ரென ஓடும் ஒளிப்பொட்டுகள், விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடும் வெள்ளை அணுக்கள். அவை எல்லோருக்கும் தெரியக்கூடியவை.

மருத்துவரிடம்

கண்ணாடிக்கு அளவெடுக்கும் சோதனை இதற்குப் போதாது. கண்மணியை விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்க்கும் வசதியுள்ள கண் மருத்துவரிடம் போக வேண்டும். சொட்டு மருந்து வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு சில மணி நேரம் அருகில் உள்ளவை மங்கும், வெளிச்சம் கூசும். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். துணைக்கு ஒருவரையும் குளிர்கண்ணாடியையும் கூட்டிச் செல்லுங்கள். திரை விழுந்திருந்தால் அன்றே அறுவை தேவைப்படலாம் என்பதால், வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

மருத்துவர் நுண்ணோக்கியாலும் தலையில் மாட்டிய விளக்காலும் உள்ளே பார்ப்பார். ஓரத்தைக் காண வெளியிலிருந்து விழியை லேசாக அழுத்துவார். கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும் ஒத்துழையுங்கள், கிழிசல்கள் பெரும்பாலும் ஒளிந்திருப்பது அங்கேதான். ரத்தம் மறைத்தால் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்.

விழித்திரை விலகாமல் கிழிசல் மட்டும் இருந்தால், அதைச் சுற்றி லேசர் வைத்தோ கடுங்குளிரால் உறையவைத்தோ தழும்பு உண்டாக்கி விளிம்பை ஒட்டவைப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். தழும்பு உறுதிப்பட ஒன்றிரண்டு வாரம் ஆகும். லேசர் கிழிசலை அடைக்குமே தவிரப் புள்ளிகளை அகற்றாது. அவை இன்னும் இருக்கின்றனவே என்று சிகிச்சை தோற்றதாக எண்ண வேண்டாம். விழித்திரை விலகியே விட்டால் அறுவைதான். அதில் கண்ணுக்குள் வாயு நிரப்பினால், அது கரையும் வரை விமானத்தில் ஏறக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணின் அழுத்தத்தை ஆபத்தாக ஏற்றிவிடும்.

கிழிசல் இல்லை என்று சொன்னாலும் கூழ் பிரிந்து முடிய நாளாகும். அதனால் வழக்கமாக 4 முதல் 6 வாரத்தில் மறுபடி பார்க்க அழைப்பார்கள். அந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். அதற்குள் புதுப் புள்ளியோ மின்னலோ நிழலோ வந்தால் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

ஆபத்தில்லாத புள்ளியோடு இருப்பது

சில மாதங்களில் புள்ளி விழித்திரையை விட்டுத் தள்ளிப்போய் நிழல் மங்கும். மூளையும் அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழகும். சரியாகப் பார்வையின் நடுவில் வந்து நின்றால், கண்ணை மேலும் கீழும் அசையுங்கள். உள்ளே திரவம் சுழன்று அது ஒதுங்கும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக் கறுப்புப் பின்னணியில் வாசிக்கலாம். வெயிலில் குளிர்கண்ணாடி அணியலாம். இழைகளைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்தோ கண் பயிற்சியோ இல்லை; அவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

புள்ளியை உடைக்க யாக் லேசர் சிலருக்குச் செய்யப்படுகிறது. பலன் ஆளுக்கு ஆள் மாறும். கூழையே எடுத்துவிடும் விட்ரெக்டமி அறுவை புள்ளிகளை நன்றாகவே நீக்கும். ஆனால் கண்புரை விரைவில் முற்றுவது, தொற்று, விழித்திரை விலகுவது ஆகிய ஆபத்துகள் அதில் உண்டு. எனவே வாசிப்பும் வேலையும் மாதக்கணக்கில் உண்மையிலேயே தடைப்பட்டால் மட்டும், விழித்திரை மருத்துவரோடு இரண்டு பக்கத்தையும் பேசி முடிவெடுக்க வேண்டும்.