துணியை உள்புறம் திருப்பிப் பாருங்கள்

நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கி, அந்த நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று பாசன உழவர்களே கேட்கும் நிலை வந்தது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்க முடியாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாம் உடுத்தும் பனியனுக்கும் ஓர் ஆறு பட்ட பாட்டுக்கும் இவ்வளவு நெருங்கிய தொடர்பு இருப்பதால், துணி எடுப்பதில் நாம் காட்டும் கவனம் வீண்போகாது.

பருத்திக்குப் பாய்ச்சும் நீர், நூற்பு, நெசவு, சாயம் என்று ஓர் உடை இயற்கையின் மேல் ஏற்றும் சுமையில் பெரும்பகுதி அது கடைக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுகள் உடுத்தும் சட்டையை நான்கு ஆண்டுகள் உடுத்தினால் அந்தச் சுமை ஆண்டுக்குப் பாதியாகிறது. ஆகவே புதிதாக வாங்குமுன் பீரோவில் இருப்பவற்றை எல்லாம் வெளியே எடுத்து, உடுத்தாமல் கிடப்பவை ஏன் கிடக்கின்றன என்று பாருங்கள். பித்தான் போனது, ஜிப் பழுதானது, இடுப்பு இறுகியது போன்ற காரணங்களே பெரும்பாலும் இருக்கும். அவை தையற்காரரிடம் ஒரு மணி நேர வேலை.

வாங்கியே ஆகவேண்டும் என்றால், கடையில் முதலில் உடையை உள்புறம் திருப்புங்கள். தையலின் இருபுறமும் துணியைப் பிடித்து மெதுவாக இழுக்கும்போது நடுவில் நூல் பல் பல்லாகத் தெரிந்தால், அந்தத் தையல் சில சலவைகளிலேயே விட்டுவிடும். தையலுக்கு உள்ளே அரை அங்குலமாவது துணி விட்டிருந்தால், உடல் பருத்தாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். என் பள்ளிச் சீருடைகளுக்கு அளவு கொடுக்கும்போதெல்லாம் அம்மா இதை மறக்காமல் சொல்வார். ஒரே பாவாடை மூன்று வகுப்புகள் வரை வந்தது அதனால்தான்.

அடுத்தது இழை. பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் அதிலிருந்து உதிர்ந்து நீரில் கலக்கின்றன. வீட்டில் இருக்கும் துணி எதுவென்று ஐயம் வந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும். ‘மூங்கில் துணி’ என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை மூங்கில் கூழை ரசாயனங்களில் கரைத்து எடுத்த விஸ்கோஸ்தான் என்பதால், அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழையை நம்பி விளையும் கருங்கண்ணிப் பருத்தியில் நெய்த துணி கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம், நெசவாளர் குடும்பத்துக்குக் கூலியும் சேர்கிறது. கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் கைத்தறி என்பதாலேயே சாயம் மாறிவிடாது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும், நிறம் அடர்த்தியாக ஆக உப்பின் அளவும் கூடும், அந்த உப்பைக் கழிவுநீரிலிருந்து பிரிப்பதுதான் மிகக் கடினமான வேலை. எனவே அன்றாட உடைகளுக்கு வெளிர் நிறங்களையும், தலையணை உறை, பை போன்றவற்றுக்குச் சாயமேற்றாத காடா துணியையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

துவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அழுக்கான காலரை மட்டும் கசக்கலாம், வண்ணத் துணியைத் திருப்பிப் போட்டு நிழலில் உலர்த்தலாம்.

கிழிசலைச் சிறிதாக இருக்கும்போதே கவனியுங்கள். முழங்கையில் இழை மெலிந்திருந்தால், அதே சட்டையின் உள்மடிப்பிலிருந்து நூலை உருவி ஊசியில் கோத்து, நெடுக்காக நெருக்கமாக ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் கீழும் நுழைத்து எடுங்கள். நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும், ஆகவே விரலை அடியில் வைத்துக்கொண்டு தளர்வாகவே ஓட்ட வேண்டும். நிறமும் ஒத்துப்போவதால் தைத்த இடம் எளிதில் தெரியாது.

பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால், நீங்களே உடுத்தத் தயங்காதவற்றை மட்டும் துவைத்து மடித்துக் கொடுங்கள். நைந்துபோன பருத்தி வேட்டியும் சேலையும் குழந்தைக்கு அணையாடையாகும், அதன் பிறகும் அடுப்படித் துணியாகும். சட்டை, ரவிக்கை போன்றவற்றை அவ்வாறு கிழிக்குமுன் பித்தான்களையும் கொக்கிகளையும் வெட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள்.