பழைய டொயோட்டா சாலிட் ஆக்சில் வாங்கினப்போ பார்த்தது

என்னோடது 1990 டொயோட்டா பிக்கப், அமெரிக்க மாடல், முன்னாடி ஐஎஃப்எஸ் (ரெண்டு முன்வீலும் தனித்தனியா ஏறி இறங்குற சஸ்பென்ஷன்), பாறையில ஏத்தினா ஒரு வீல் அந்தரத்துல நிக்கும். இதுக்கு 1979-லிருந்து 85 வரைக்கும் வந்த சாலிட் ஆக்சில்தான் (ரெண்டு முன்வீலையும் ஒரே உறுதியான தண்டா இணைக்கிறது) தோது, அதோட டிஃப் (ரெண்டு வீலுக்கும் சக்தியப் பிரிக்கிற கியர்) வலது பக்கம், என் வண்டியோட டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் ஆக்சிலுக்கு சக்தி அனுப்புற பெட்டி) அவுட்புட்டும் வலது பக்கம், அதனால நேரா பொருந்தும். பழைய பார்ட்ஸ் யார்டுல ஒண்ணு புது பெயிண்டுல பளபளன்னு இருந்துச்சு, ஆனா நக்கிள்ல (வீல் திரும்புற மூட்டு) கிரீஸ் கூழ் மாதிரி ஒழுகுது, உள் சீல் போயி கியர் ஆயில் கலந்திருக்கு, வேணாம்னுட்டேன். பக்கத்துல துருப்பிடிச்சு கிடந்ததுல கிரீஸ் கெட்டியா இருந்துச்சு, ஹவுசிங்கும் (ஆக்சிலோட வெளிக்கூடு) வளையல, ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு சுத்து சுத்தினா பினியன் (டிஃப்புக்குள்ள போற சின்ன கியர்) நாலு சுத்துக்கு கொஞ்சம் மேல, அதாவது கியர் விகிதம் 4.10, என் பின் ஆக்சிலும் அதான். விலை பேசி எடுத்துட்டேன். அகலம்தான் கம்மி, அதுக்கு என் ஐஎஃப்எஸ் ஹப்பையே (வீல் மாட்டுற பாகம், இது இன்னும் வெளியே தள்ளி நிக்கும்) கழட்டி அதுல மாட்டினேன், ஸ்பேசர் (வீலை வெளியே தள்ள நடுவுல வைக்கிற தட்டு) எல்லாம் எனக்குப் பிடிக்காது, இப்ப முன்வீல் பின்வீலோட ஒரே கோட்டுல ஓடுது.