வியாழனை வீடியோவாகப் பிடியுங்கள்: வானியல் கேமராவும் ஷார்ப்கேப் மென்பொருளும்

கோள்களைப் படம் எடுக்கிறவர்கள் ஒரே ஒரு நல்ல படத்துக்காகக் காத்திருப்பதில்லை. சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான ஃபிரேம்களை (தனித்தனிப் படங்களை) வீடியோவாகப் பதிவு செய்கிறார்கள். காற்று சற்று அடங்கிய கணங்களில் பதிந்தவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். வானியல் கேமராவும் அதை இயக்கும் மென்பொருளும் இந்த வேலைக்காகவே உருவானவை. இதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால், திரையில் தெரியும் எந்த எண்ணை எங்கே வைப்பது என்ற குழப்பம் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

இந்த விளக்கத்துக்கு ஓர் எளிய கருவித் தொகுப்பை எடுத்துக்கொள்கிறேன்: 6 அங்குல எஃப்/8 நியூட்டன் வகைத் தொலைநோக்கி (குவியத்தூரம் 1200 மி.மீ.), 2 மடங்கு பார்லோ வில்லை (குவியத்தூரத்தை இரட்டிப்பாக்கி உருவத்தைப் பெரிதாக்கும் துணை வில்லை), இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் ஏஎஸ்ஐ662எம்சி வண்ணக் கேமரா, விண்டோஸ் மடிக்கணினி, ஷார்ப்கேப் மென்பொருள். உங்களிடம் வேறு கேமரா இருந்தாலும் முறை இதுதான். மேக் அல்லது லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஃபயர்கேப்சரையோ, இசட்டபிள்யூஓ இலவசமாகத் தரும் ஏஎஸ்ஐகேப்பையோ பயன்படுத்தலாம். பொத்தான்களின் இடம் மாறும், வேலை மாறாது.

பார்லோ எதற்கு? கேமராவில் ஒளியைப் பதியும் சிப்பான உணரியின் ஒரு பிக்சல் 2.9 மைக்ரோமீட்டர். பிக்சல் அளவை ஐந்தால் பெருக்கினால் கிடைக்கும் குவிய விகிதத்தில் (குவியத்தூரத்தைத் தொலைநோக்கியின் விட்டத்தால் வகுத்த எண்; எஃப்/8 என்பதில் உள்ள 8) கோளின் நுண்விவரம் வீணாகாமல் பதியும் என்பது அனுபவஸ்தர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 2.9 பெருக்கல் 5 என்றால் 14.5. நம் எஃப்/8 தொலைநோக்கி பார்லோவுடன் எஃப்/16 ஆகிறது, மிகவும் நெருக்கம். இதற்கு மேல் 3 மடங்கு, 5 மடங்கு என்று போனால் வியாழன் பெரிதாகத் தெரியும், ஆனால் மங்கலாகவும் தெரியும். தொடக்கத்தில் அந்த ஆசையைத் தள்ளிவையுங்கள்.

பகலிலேயே முடிக்க வேண்டியவை

மென்பொருளை இருட்டில் கற்றுக்கொள்ளாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் நீங்கள் ஏற்கப்போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

கேமராவைச் செருகும் முன்பே, இசட்டபிள்யூஓ இணையதளத்திலிருந்து விண்டோஸுக்கான டிரைவரை இறக்கி நிறுவுங்கள். அடுத்து ஷார்ப்கேப்பை நிறுவுங்கள். அதன் கட்டணமில்லாப் பதிப்பே நம் தேவைக்குப் போதும். பிறகு கேமராவை அதனுடன் வந்த கேபிளால் யுஎஸ்பி 3.0 துளையில் செருகுங்கள். பழைய 2.0 துளையிலும் கேமரா வேலை செய்யும், ஆனால் ஃபிரேம் வேகம் பாதிக்கும் கீழே விழும். நீளமான கேபிளோ மலிவான ஹப்போ இடையில் வேண்டாம். கேமரா நடுவில் துண்டிக்கப்படும் தொல்லை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. விண்டோஸின் மின்சார அமைப்பில் யுஎஸ்பி துளைகளைத் தூங்கவைக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

ஷார்ப்கேப்பைத் திறந்து, மேலே 'கேமராஸ்' பட்டியலில் உங்கள் கேமராவின் பெயரைச் சொடுக்குங்கள். மூடியைக் கழற்றி எக்ஸ்போஷரை (ஒரு ஃபிரேமுக்கு ஒளி சேரும் நேரத்தை) கூட்டினால் திரை வெளுக்க வேண்டும், கையால் மறைத்தால் கறுக்க வேண்டும். இந்தக் கேமராவில் வில்லை கிடையாது, ஆகவே உருவம் எதுவும் தெரியாது. வெளிச்சம் மாறினால் போதும், இணைப்பு சரி.

அடுத்து, கண்வில்லை இருக்கும் இடத்தில் பார்லோவையும் கேமராவையும் பொருத்தி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அலைபேசிக் கோபுரம் ஒன்றைக் குவியுங்கள். கோபுரம் சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். வடிகட்டி இல்லாத தொலைநோக்கியைச் சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது; கண் நிரந்தரமாகப் பறிபோகும், கேமராவும் கருகும். கோபுரம் தெளிவானதும், தேடுநோக்கியின் (தொலைநோக்கியின் மேல் இருக்கும் சிறு குறிபார்க்கும் கருவியின்) திருகுகளைத் திருப்பி அதன் நடுப்புள்ளியையும் கேமராத் திரையின் நடுவையும் ஒன்றாக்குங்கள். இதைத் துல்லியமாகச் செய்தவருக்கு இரவு எளிதாகிவிடும். காரணம், 2400 மி.மீ. குவியத்தூரத்தில் இந்த உணரி பார்க்கும் வானத்தின் அகலம் சுமார் 8 பாகைக்கலை (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு ஒரு பாகைக்கலை), அதாவது முழுநிலவின் அகலத்தில் கால் பங்கு. அவ்வளவு சிறிய சன்னலில் ஒரு கோள் தானாக வந்து விழாது.

இன்னொன்று: இந்த வகைக் கேமராவின் முகப்புக் கண்ணாடி அகச்சிவப்பையும் உள்ளே விடும். இயல்பான நிறம் வேண்டுமானால் புறஊதா-அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி ஒன்றைக் கேமராவின் மூக்கில் (தொலைநோக்கிக்குள் செருகும் குழாயில்) திருகிவிடுங்கள்.

இரவில்: கோளைத் திரைக்குக் கொண்டுவருதல்

குளிர்சாதன அறையில் வைத்திருந்த தொலைநோக்கியைக் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் வெளியே எடுத்தால் கண்ணாடி உடனே பனிக்கும். முன்பே வெளியே வைத்துவிடுங்கள். மொட்டை மாடி, பகலில் குடித்த வெப்பத்தை முன்னிரவு முழுவதும் கக்கிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றலை வழியே பார்க்கும் வியாழன் கொதிப்பதுபோல் தெரியும். புல்தரை கிடைத்தால் நல்லது, இல்லையெனில் நள்ளிரவை ஒட்டிய நேரம் நல்லது.

கோள் வானில் உயரமாக இருக்கும்போது எடுங்கள். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வியாழன் வான நடுக்கோட்டுக்கு வெகுதெற்கே இருந்த 2019, 2020 ஆண்டுகளில் லண்டனிலிருந்து அது ஏறக்குறைய 16 பாகை உயரம்தான் ஏறியது. சென்னையில் 54 பாகை. தாழ்ந்திருக்கும் கோளின் ஒளி அடர்ந்த காற்றை நீண்ட தூரம் கடந்து வருகிறது. உருவம் நடுங்குகிறது, விளிம்புகளில் நிறம் பிரிகிறது. நமக்கு அந்தத் தொல்லை குறைவு.

முதலில் பார்லோ இல்லாமல், கண்வில்லையால் கோளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கண்வில்லையை எடுத்துவிட்டுக் கேமராவைப் பொருத்துங்கள். எக்ஸ்போஷரை 100 மில்லிசெகண்டுக்கும் மேல் வைத்து, கெயினையும் (உணரியின் சமிக்ஞையைப் பெருக்கும் அளவையும்) தாராளமாக ஏற்றுங்கள். குவியம் விலகியிருந்தாலும் ஒரு பெரிய வெண்வட்டம் திரையில் எங்காவது தெரியும். அதைச் சிறிதாக்கும் திசையில் குவியத் திருகைத் திருப்புங்கள். கோள் நடுவுக்கு வந்ததும் பார்லோவைச் சேர்த்து மறுபடி குவியுங்கள்.

கடைசிக் குவியத்தை வியாழனின் பட்டைகளைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டாம், அவை காற்றில் அலைந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கும் நிலவுகளில் ஒன்றைப் பாருங்கள். எக்ஸ்போஷரைக் கூட்டினால் அது தெளிவாகத் தெரியும். அது மிகச் சிறிய புள்ளியாகும் இடம்தான் குவியம். திருகைத் தொடும்போதெல்லாம் தொலைநோக்கி ஆடும். கையை எடுத்து, ஆட்டம் அடங்கும்வரை பொறுத்து, அதன் பிறகே முடிவு செய்யுங்கள்.

தொட வேண்டிய அமைப்புகள்

வலப்பக்கப் பலகையில் ஏராளமான நகர்த்திகள் உள்ளன. பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

'கலர் ஸ்பேஸ்' ரா8 (உணரி தரும் பதப்படுத்தாத 8-பிட் தரவு) ஆக இருக்கட்டும். ஆர்ஜிபி24 கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் கோப்பு மூன்று மடங்கு பெருக்கும், வேகமும் குறையும். ரா8 கோப்பிலிருந்து நிறத்தைப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம். 'அவுட்புட் ஃபார்மேட்' எஸ்இஆர் (வானியல் வீடியோவுக்கான கோப்பு வகை). 'கேப்சர் ஏரியா' 640×480. நம் குவியத்தூரத்தில் 45 விகலை (பாகைக்கலையில் 60-இல் ஒரு பங்கு ஒரு விகலை) அகலமுள்ள வியாழன் சுமார் 180 பிக்சல்தான், இந்தப் பெட்டிக்குள் தாராளமாக அடங்கும். மோட்டார் இல்லாத டாப்சோனியன் (கையால் நகர்த்தும் எளிய தாங்கியில் அமைந்த தொலைநோக்கி) என்றால் 1920×1080 முழுப் பரப்பையும் விட்டுவிடுங்கள். கோள் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல அரை நிமிடம் பிடிக்கும். அப்படிப் பல துண்டுகளாகப் பதிவு செய்யலாம்.

எக்ஸ்போஷர்தான் உயிர். 5 முதல் 10 மில்லிசெகண்டுக்குள் வையுங்கள். அப்போதுதான் காற்றின் அசைவு ஒரு ஃபிரேமுக்குள் உறையும், நொடிக்கு 100 முதல் 200 ஃபிரேம்வரை கிடைக்கும். எக்ஸ்போஷரை முடிவு செய்த பிறகு ஹிஸ்டோகிராமை (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடத்தை) திறந்து, அதன் வலது முனை 60 முதல் 70 விழுக்காட்டுக்கு வரும்வரை கெயினை ஏற்றுங்கள். திரையில் படம் மணல்மணலாகத் தெரியும். அதைக் கண்டு பயந்து எக்ஸ்போஷரை நீட்டிவிடாதீர்கள். ஆயிரம் ஃபிரேம்களை அடுக்கும்போது அந்த இரைச்சல் ஏறக்குறைய 30 பங்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். நீண்ட எக்ஸ்போஷரில் கலங்கிப்போன விவரத்தையோ எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

பதிவு

'ஸ்டார்ட் கேப்சர்' பொத்தானை அழுத்தி, 120 நொடி என்று கால வரம்பு கொடுங்கள். வியாழன் தன்னைத்தானே சுற்ற 10 மணி நேரம்கூட எடுப்பதில்லை. நம் அளவில் இரண்டு நிமிடத்தில் அதன் நடுப்பகுதி சுமார் இரண்டு பிக்சல் நகர்ந்துவிடும். அதற்கு மேல் நீட்டினால் மேகப் பட்டைகளின் விவரம் இழுபடும். சனியில் அப்படிக் கூர்மையான அடையாளங்கள் குறைவு, நான்கைந்து நிமிடம் எடுக்கலாம்.

வட்டில் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 640×480 அளவில் நொடிக்கு 200 ஃபிரேம் என்றால் நொடிக்கு சுமார் 61 மெகாபைட். இரண்டு நிமிடப் பதிவு 7 ஜிகாபைட்டைத் தாண்டும். எஸ்எஸ்டி வட்டு இல்லாத பழைய மடிக்கணினி இந்த வேகத்துக்கு எழுதத் திணறும். திரையின் அடியில் 'டிராப்ட்' (தவறவிட்ட ஃபிரேம்கள்) என்ற எண் ஏறிக்கொண்டே போனால் அதுதான் நடக்கிறது. தரவு வேகத்தைக் கட்டுப்படுத்தும் 'டர்போ யுஎஸ்பி' நகர்த்தியைச் சற்றுக் குறையுங்கள், அல்லது பெட்டியை இன்னும் சிறிதாக்குங்கள்.

ஒவ்வொரு பதிவுடனும் அமைப்புகள் முழுவதையும் ஷார்ப்கேப் ஓர் உரைக் கோப்பாக எழுதிவைக்கும். அதை அழிக்காதீர்கள். எந்த அமைப்பில் நல்ல படம் வந்தது என்று மறுநாள் ஒப்பிட அதுவே துணை. ஒரே பதிவோடு நிறுத்தவும் வேண்டாம். குவியத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சரிசெய்து, ஏழெட்டுப் பதிவுகள் எடுங்கள்.

அடுக்குதல்

எமில் கிராய்காம்ப் எழுதிய ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் எஸ்இஆர் கோப்பைத் திறந்து, 'பிளானட்' என்று தேர்ந்து, 'அனலைஸ்' அழுத்துங்கள். ஃபிரேம்கள் தரவாரியாக அடுக்கப்பட்டு, வரைபடக் கோடு ஒன்று இறங்கிச் செல்லும். கோடு நெடுநேரம் உயரத்திலேயே நீடித்தால் ஃபிரேம்களில் 50 விழுக்காடுவரை எடுக்கலாம். சட்டென்று சரிந்தால் 10 அல்லது 15 போதும். சீரமைப்புப் புள்ளிகளை (ஃபிரேம்களை ஒன்றோடொன்று பொருத்த உதவும் குறியிடங்களை) பரப்பி 'ஸ்டாக்' கொடுத்தால் மென்மையான, சற்று மங்கலான ஒரு டிஃப் கோப்பு கிடைக்கும். அதை ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் திறந்து, படத்தைக் கூர்மையாக்கும் வேவ்லெட் நகர்த்திகளில் முதல் இரண்டை மெல்ல மெல்ல நகர்த்துங்கள். பட்டைகளின் விளிம்பு சுருள்கள் மேலே எழுந்துவரும். கோளின் ஓரத்தில் வெள்ளை வளையம் தோன்றத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது, ஓரடி பின்வாங்குங்கள்.