தத்தெடுக்க நினைக்கிறவர்கள் தடுமாறும் இடங்கள்

தத்தெடுக்கலாமா என்று வீட்டில் பேச்செடுத்தாலே, "தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்க, சொல்லி வைக்கவா?" என்று யாராவது வருவார்கள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் கொடுத்துக் குழந்தை வாங்கினால், சிறார் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம். பத்திரத்தில் எழுதி வாங்கினாலும், பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரையே போட்டுத் தந்தாலும் குற்றம் குற்றம்தான். 2021இல் மதுரையில் ஒரு காப்பகத்துக் குழந்தை கொரோனாவில் இறந்ததாகக் கணக்குக் காட்டி விற்கப்பட்டது அம்பலமாகி, மீட்கப்பட்டது. உங்களை அம்மா, அப்பா என்று ஒட்டிக்கொண்ட பிள்ளையை ஒருநாள் போலீஸ் வந்து தூக்கிப்போகும் நிலைக்கு ஆளாக்காதீர்கள். அந்தப் பிள்ளை செய்த தவறு என்ன?

நேர்வழி, மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் 'கேரிங்ஸ்' தளத்தில் பதிவதுதான். விவரம் புரியாவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

அடுத்தது, காலம் கடத்துவது. எல்லாச் சிகிச்சையும் முடியட்டும் என்று இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும்போது பதிய வருகிறார்கள். 2 வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வயதுக்கு 90. கணவருக்கு 46, மனைவிக்கு 41 என்றால் கைக்குழந்தைக்கு வழியில்லை. பதிந்த பிறகும் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். 4 வயதுப் பிள்ளையும் உங்கள் பிள்ளையாக வளரும் என்பதை இருவரும் மனம்விட்டுப் பேசுங்கள்.

சொந்தபந்தத்திடம் மறைத்துச் செய்வதும் தவறு. நம் பக்கம் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். அந்த மாமன் மனதார ஏற்காமல் மடியில் உட்கார வைத்தால், பிள்ளைக்கு அது தெரியாமல் போகாது. தாத்தா, பாட்டி, மாமன், அத்தை எல்லாரிடமும் குழந்தை வருமுன்பே பேசிவிடுங்கள்.

பிள்ளையிடம் மறைப்பது இன்னும் மோசம். பங்காளிச் சண்டையில் "நீ என்ன பெத்த பிள்ளையா?" என்று எவரோ கேட்டுத்தான் உண்மை தெரிய வேண்டுமா? கதை கேட்கும் வயதிலேயே சொல்லத் தொடங்குங்கள். ஆணை, மருத்துவக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். 18 வயதுக்குப் பிறகு தன் பிறப்பைப் பற்றி விண்ணப்பித்துத் தேட அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு.