ஜப்பான் காலத்தில் காணாமற்போன உறவினரைத் தேடும் முறை

பர்மாவில் வாழும் தமிழர் தம் குடும்பத்தில் இரண்டாம் உலகப் போரின்போது காணாமற்போன ஒருவரைத் தேட விரும்பினால், அவர் படையில் இருந்தவரா, இந்தியாவுக்கு நடந்தவரா, ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவரா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

படைவீரரைத் தேடுவது எளிது. உடல் கிடைக்காத சுமார் 27,000 வீரர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு வடக்கே உள்ள தவுக்கியான் நினைவுத் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலிலும் அவற்றைக் காணலாம். முத்துசாமி என்ற பெயரை ஆங்கிலேய எழுத்தர் எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று எண்ணி, நாலைந்து விதமாகத் தட்டச்சு செய்து பாருங்கள்.

நடந்தவர்களுக்குப் பட்டியல் இல்லை. சீனாவுக்குப் படைக்கலம் சென்ற பர்மாச் சாலையை அடைக்கவும், ஏனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளைக் கைப்பற்றவும் ஜப்பான் படையெடுத்தபோது, ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் வெளியேறினர். வழியில் இறந்தோர் பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரத்துக்கு மேல் என்பாரும் உண்டு; எவரும் உட்கார்ந்து எண்ணவில்லை என்பதே இதன் பொருள். ஆகவே வீட்டு முதியவரிடம் தேதியைக் கேட்காமல், 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்த உடனே கிளம்பினாரா, 1942 மார்ச் 8இல் நகரம் வீழ்ந்த பின்னரா என்று கேளுங்கள். முந்தியவர் பெரும்பாலும் கப்பலேறியிருப்பார், அல்லது புரோம் வழியாகத் தவுங்குப் கணவாயைக் கடந்திருப்பார். பிந்தியவர் மாண்டலே சென்று தமு வழியாக மணிப்பூர் மலையேறியிருப்பார்.

மூன்றாம் வகையே மிகக் கடினம். பர்மாவையும் சயாமையும் (தாய்லாந்து) இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதையில் போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு மிகுதியாக மாண்டவர்கள் தமிழர், பர்மியர், மலாய்க்காரர் முதலான கூலிகளே. அப்பாதையின் பர்மா முனையிலுள்ள தன்பியுசயாத்தில் 3,000க்கு மேற்பட்ட கல்லறைகள் ஒழுங்காகப் பேணப்படுகின்றன; அவை போர்க்கைதிகளுடையவை, ஆதலால் கூலியாகச் சென்ற தாத்தாவின் பெயரை அங்கே தேடி ஏமாறாதீர்கள். எந்த ஊரில், யாரோடு சேர்த்துப் பிடித்தார்கள் என்று விசாரித்து, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள்.

மகாளய அமாவாசையன்று வீட்டில் யார் யாரை நினைத்துப் படைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இறந்த திதி தெரியாதவரின் பெயர் அங்கேதான் கிடைக்கும்.