ஆண்களின் யூரித்ராவுக்குக் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் செய்யும் முறை

யூரித்ராவுக்குள் (சிறுநீர் வெளியேறும் குழாய்க்குள்) நுண்குமிழிகள் கொண்ட கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, சுருக்கம் போன்றவற்றை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் முறை இது. சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்துங்கள். குமிழிகளில் உள்ள சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு, மருந்தில் சேர்ந்துள்ள மேக்ரோகால் ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு இந்த மருந்து கூடாது.

மருந்துக் குப்பியில் 5 மி.லி. சலைன் (உப்புநீர்க் கரைசல்) விட்டு 20 விநாடி வேகமாகக் குலுக்கினால் பால்போல் வெளுத்துவிடும். அதிலிருந்து 0.2 முதல் 0.5 மி.லி. எடுத்து 100 மி.லி. சலைனில் கலப்பது நல்ல தொடக்கம். அதிர்வெண் கூடிய லீனியர் ப்ரோபில் (தட்டையான முகப்புள்ள அல்ட்ராசவுண்ட் கருவிமுனையில்) சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். அளவு மீறினால் ப்ரோபை ஒட்டிய பக்கம் மட்டுமே பளிச்சென்று தெரியும். பின்னால் நிழல் விழுந்து மறைந்துவிடும். மெல்லிய ஊசி வழியாக அழுத்தித் தள்ளினால் குமிழிகள் உடையும். அவை மேலே மிதப்பதால் ஒவ்வொரு முறையும் சிரிஞ்சைப் புரட்டிக் கலக்குங்கள்.

கதீட்டரைக் (பலூன் கொண்ட மெல்லிய குழாயை) கரைசலால் நிரப்பிக் காற்றை வெளியேற்றியபின் செருகி, ஆணுறுப்பின் முனையை ஒட்டி உட்புறத்தில் பலூனை 1–2 மி.லி. மட்டும் ஊதுங்கள். மெக்கானிக்கல் இண்டெக்ஸ் (ஒலியலையின் வலிமையைக் குறிக்கும் எண்) 0.1-ஐ ஒட்டி இருக்கட்டும். அதைக் கூட்டினால் குமிழிகள் உடைந்து, நிரம்பிய குழாயும் காலியாகத் தெரியும். மெதுவாகச் செலுத்தியபடி ஆணுறுப்பின் அடிப்புறம், விதைப்பை, பெரினியம் (விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி) என்று ப்ரோபை நகர்த்துங்கள்.

திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கான்ட்ராஸ்ட் படமும் மறுபக்கம் சாதாரணப் படமும் தெரியும்படி வைத்துக்கொள்வது அவசியம். கான்ட்ராஸ்ட் படம் காட்டுவது உள்வழியை மட்டுமே. சுருக்கத்தைச் சூழ்ந்த தழும்பு எவ்வளவு ஆழம் என்பதைச் சாதாரணப் படத்தில்தான் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்குண்டு. ஒரே படத்தை வைத்து "சுருக்கம்" என்று எழுதிவிடாதீர்கள். ஸ்பிங்க்டர் (சிறுநீரை அடக்கும் வளையத் தசை) இறுகினாலும் அப்படியே தெரியும். சற்று ஓய்வு கொடுத்து மறுபடி செலுத்துங்கள். இறுக்கம் என்றால் விரியும், சுருக்கம் அதே இடத்தில் அதே நீளத்தில் நிற்கும். சூழ்ந்த பஞ்சுத் திசுவில் குமிழிகள் பரவினால் உடனே நிறுத்துங்கள். அழுத்தம் மிகுந்து கரைசல் இரத்த நாளங்களுக்குள் ஏறுகிறது என்று பொருள்.

கீழிருந்து செலுத்தும்போது ஸ்பிங்க்டருக்கு மேலுள்ள பகுதி சரியாக விரியாது. அதற்குச் சிறுநீர்ப்பையை நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போதே பெரினியம் வழியாகப் பார்க்க வேண்டும். இரண்டு வயதைக் கடந்த சிறுவர்களுக்கு, வயதுடன் 2 கூட்டி 30-ஆல் பெருக்கினால் உத்தேச கொள்ளளவு மி.லி.-இல் கிடைக்கும். யூரித்ராவின் பின்பகுதி (சிறுநீர்ப்பையை ஒட்டிய பகுதி) அகன்று, அதற்குக் கீழே தாரை சட்டென்று மெலிந்தால் வால்வு (சிறுநீரைத் தடுக்கும் பிறவிச் சவ்வு) இருப்பதாகச் சந்தேகிக்கலாம். பலூன் மறைத்த முனைப்பகுதியையும் இந்தக் கட்டத்தில், கதீட்டரை எடுத்தபின் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டு யூரித்ரா கிழிந்திருக்கலாம் என்ற ஐயமிருந்தால் எக்ஸ்ரே யூரித்ரோகிராமே (யூரித்ராவில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படமே) முதல் தேர்வு.