இம்பேக்ட் எழுத்துருவில் தம்ப்நெயில் தலைப்பு அமைப்பது எப்படி?

வெள்ளை எழுத்து, கறுப்பு அவுட்லைன். மீம்களில் தினமும் பார்க்கும் இந்த எழுத்துருவின் பெயர் இம்பேக்ட். ஜெஃப்ரி லீ வடிவமைத்த இதை, 1965-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் நிறுவனம் உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் இணையத்துக்காக இலவசமாகக் கொடுத்த எழுத்துருக்களில் இதுவும் சேர, உலகமெங்கும் பரவியது. தடித்த கோடுகள், எழுத்துக்குள்ளே கீற்று போன்ற இடைவெளி (உள்வெளி), ஒடுங்கிய அகலம். குறைந்த இடத்தில் நிறைய மை, அதுதான் இதன் சங்கதி. அதனால் பெரிய அளவில் மட்டும் போடுங்கள். பத்தி எழுத இது ஆகாது. சின்ன அளவில் உள்வெளி அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும்.

முதலில் இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் 1280×720 பிக்சலில் பக்கம் திறந்து, படத்தை வையுங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் இம்பேக்ட் ஏற்கெனவே இருக்கும். லினக்ஸ்காரர்கள் கூகுள் ஃபான்ட்ஸில் ஆன்டன் எடுத்துக்கொள்ளலாம், குணம் ஏறக்குறைய அதேதான்.

அடுத்து தலைப்பு. மூன்று, நான்கு சொல் போதும். ஆங்கிலமென்றால் எல்லாம் கேபிடலில் அடித்து, வரி இடைவெளியை 0.9 வரை இறக்குங்கள். கேபிடலில் கீழே தொங்கும் வால் கிடையாது என்பதால் வரிகள் செங்கல் மாதிரி அடுக்கி உட்காரும்.

இனி அவுட்லைன். பலர் சறுக்குவது இங்கேதான். ஸ்ட்ரோக் (எழுத்தைச் சுற்றி ஓடும் கோடு) கொடுத்தால் அது விளிம்பின் இரு பக்கமும் பாதிப்பாதி பரவி, உள்பக்கப் பாதி எழுத்தின் வெள்ளையைத் தின்றுவிடும். எழுத்து மெலிந்து தெரியும். ஷிஃப்ட், கன்ட்ரோல், எஃப் அழுத்தி, ஸ்ட்ரோக் ஸ்டைல் பகுதியில் ஆர்டரை மாற்றி, ஸ்ட்ரோக்கை நிறத்துக்குப் பின்னால் தள்ளுங்கள். பாதி மறைந்துவிடும் என்பதால், 6 பிக்சல் தெரிய வேண்டுமென்றால் 12 கொடுக்க வேண்டும். ஜாயினை (கோடு திரும்பும் மூலையின் வடிவம்) ரவுண்டாக வையுங்கள், இல்லாவிட்டால் எம், டபிள்யூ மூலைகளில் முள் முளைக்கும்.

தமிழுக்கு வருவோம். இம்பேக்டில் தமிழ் இல்லை. அடித்தால் மென்பொருள் வேறெதையாவது எடுத்துப் போடும். அதைப் பக்கவாட்டில் இழுத்து நசுக்குவதைப் போல அசிங்கம் வேறில்லை: நிற்கும் கோடு மெலியும், படுத்த கோடு அப்படியே தடித்து நிற்கும். ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துரு வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் அனேக் தமிழில் அகலத்தை 75 வரை குறைக்கலாம், தடிமனை 800 வரை ஏற்றலாம். வரி இடைவெளியில் மட்டும் தாராளமாக இருங்கள். மேல் வரியில் 'சு', கீழ் வரியில் 'க்' வந்தால் வாலும் புள்ளியும் முட்டிக்கொள்ளும்.

ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொடுப்பதென்றால், அவர்களிடம் அந்த எழுத்துரு இருக்காது. ஷிஃப்ட், கன்ட்ரோல், சி அழுத்தி எழுத்தைப் பாத்தாக, அதாவது வெறும் வரைவடிவமாக, மாற்றிக் கொடுங்கள். மாற்றாத பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த வழியில்லை.